சுவரில் மாட்டிய அப்பா

குடும்பப் படம் தயாரிப்பவள் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால் எதிரில் இருப்பவர் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார். தாலி இருக்காது. கல்யாணமே ஆகாத ஒருத்தி இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பெரிய ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களை அழவைக்கிறாள் என்பது பல பேருக்கு ஜீரணமாவதில்லை. எனக்கே சில நாள் ஆகாது.

கன்டினியூட்டி எழுதுகிற உதவியாளராகத்தான் உள்ளே போனேன். போன ஷாட்டில் டம்ளர் எங்கே இருந்தது, ஹீரோயினின் பொட்டு எந்த நிறம், எந்தக் கையில் வளையல் என்று குறித்து வைக்கிற வேலை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறித் தயாரிப்பாளர் நாற்காலிக்கு வந்தேன். அண்ணன் தங்கை படம், மாமியார் மருமகள் படம், சொத்துத் தகராறு, கூட்டுக் குடும்பம், பிரிந்த குடும்பம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் மாறாத ஆள் ஒருவர் உண்டு. ஹாலில், சுவரில், மாலையோடு இருக்கும் அப்பா.

எங்கள் கதை இலாகாவில் ஒரு பேச்சு உண்டு: அப்பா போனால்தான் கதை கிளம்பும். அவர் இருந்தால் எல்லாப் பஞ்சாயத்தையும் அவரே தீர்த்துவிடுவார். இல்லாவிட்டால்தான் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ள முடியும், அம்மா படத்துக்கு முன்னால் நின்று புலம்ப முடியும். ஊத்துக்கோட்டையில் இருக்கும் என் அப்பா ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டுப் போன் போடுவார். "எல்லா படத்துலயும் நைனாவ கொன்னுட்றியே, என் மேல இன்னா கோவம் உனக்கு?" என்பார். சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

ஆனால் அந்தச் சுவர்ப் படத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது. மேடையேறி நாத்திகம் பேசுகிற நடிகரும் இந்த ஒரு விஷயத்தில் கையை விரித்துவிடுவார். தப்பித்தவறி ஒருவர் ஒத்துக்கொண்டால் ஷாட் முடிந்ததும் மாலையைக் கழற்றி, அவரைக் கேமரா முன்னால் நிறுத்திச் சிரிக்கவைத்துப் படம் எடுத்து, பூசணிக்காய் உடைக்க வேண்டும். அப்படியும் ஒருவர் அடுத்த மாதமே மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். என் படத்தால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான். இழுத்து மூடுகிற போட்டோ ஸ்டூடியோக்களுக்குப் போய், யாரும் வாங்க வராமல் கிடக்கும் படங்களை எடுத்து வருவது. பெரிய சைஸ், நீலப் பின்னணி, சிரிக்காத முகம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். ரேஷன் கார்டுக்கோ கல்யாணத்துக்கோ அந்த மாதிரி யாரும் போடுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால்தான் இருக்கிற சின்னப் படத்தைக் கொண்டுவந்து பெரிதாக்கக் கொடுப்பார்கள். காரியம் முடிவதற்குள் பங்காளிச் சண்டை வந்துவிட்டால் அந்தப் படத்தை வாங்க ஒருத்தரும் வரமாட்டார்கள். வாங்க வராத செத்தவர்களை நான் சினிமாவில் அப்பா ஆக்கினேன். புண்ணியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆபீசில் எல்லோரும் மெச்சினார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷத்துப் படத்துக்கான அப்பா திருவள்ளூரில், ரயிலடிக்குப் போகிற ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் கிடைத்தார். நாற்பது வயது இருக்கும். படிய வாரிய தலை, மழித்த முகம். எங்கள் ஆர்ட் டைரக்டர் பத்துப் படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். நான் யோசிக்காமல் இவரை எடுத்தேன். மற்ற ஒன்பது பேரும் எங்கேயோ பார்த்தார்கள். இவர் மட்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி, கவனித்துக்கொண்டு இருந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, அதற்குள் வீட்டு செட் போட்டோம். ஹால், சமையலறை, மாடிப்படி, எல்லாம் இருந்தன. கூரை மட்டும் இல்லை. வாசற்கதவைத் திறந்தால் கறுப்புத் துணி தொங்கும், அதற்குப் பின்னால் துருப்பிடித்த தூண்கள். பக்கத்து ரோலிங் மில்லில் இரும்பு விழும் ஒவ்வொரு தடவையும் தரை அதிரும். ஷிப்டு சங்கு ஊதினால் நிறுத்தி, அது ஓய்ந்ததும் மறுபடி ஆரம்பிப்போம்.

படத்தை மாட்டிய நாளிலிருந்து எனக்கு அந்த ஹால் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினால் அவர் படம் வாசல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேராக்குவோம், மறுநாளும் சாய்ந்திருக்கும். மில் அதிர்வுதான் காரணம் என்று ஆர்ட் டைரக்டர் ஆணியை மாற்றினார். சரிதான், ஆனால் அதே சுவரில் தொங்கிய காலண்டரும் கடிகாரமும் அசையவில்லை. ஸ்டில் எடுக்கிறவர் போனை உயர்த்தினால் முகத்தைத் தேடுகிற மஞ்சள் கட்டம் எதிரில் நிற்கும் ஆறு நடிகர்களை விட்டுவிட்டு முதலில் சுவரில் போய் விழும். ஸ்டில்காரர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். இரண்டாம் நாள் காட்டும்போது சிரிக்கவில்லை.

அம்மாவாக நடித்தவர் பழுத்த அனுபவசாலி. எத்தனையோ படங்களுக்கு முன்னால் நின்று அழுதவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவரு செத்தவர் மாதிரியே இல்ல மேடம். நான் பேசுறத கேட்டுக்கிட்டு இருக்காரு. முதுகக் காட்டி நிக்கவே முடியல."

வெயிலில் அப்படித்தான் தோன்றும் என்றேன். எல்லாவற்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருப்பேன்.

படம் முடிந்ததும், வெளியிடுவதற்கு முன்னால், சாதாரண ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். நான் அதை எப்போதும் எங்கள் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில்தான் வைப்பேன். இவர்கள் என் ஜனங்கள், முகஸ்துதி வராது. "இன்னா படம் இது, ஒரே பேஜாரா கீது" என்று நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. சுற்றியிருக்கும் காலனிகளிலிருந்து வார லீவில் இருந்த கம்பெனி ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

அப்போது நான் படத்தைப் பார்க்க மாட்டேன். திரைக்கு அடியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று முகங்களே சொல்லிவிடும். முந்நூறு முகங்கள், திரை வெளிச்சத்தில், ஒரே சமயத்தில் இடம் போய் வலம் வரும். பழகிய காட்சிதான்.

நான்காவது வரிசையில் ஒரு முகம் மட்டும் நகரவில்லை.

முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண். சேலைக்கு மேல் பேக்கிங் கம்பெனியின் நீல கோட்டு. நெற்றியில் பெரிய பொட்டு. யார் பேசினாலும், யார் அழுதாலும், அவள் கண் திரையின் ஒரே மூலையில் இருந்தது. கதை கோயிலுக்கோ ஆபீசுக்கோ போனால் தலையைக் குனிந்துகொள்வாள். ஹாலுக்குத் திரும்பியதும் அதே மூலைக்குப் போவாள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் திரையை விட்டு இவளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தவள். பிறகு முன் வரிசையில் நான்கைந்து பேர் திரும்பினார்கள். என் முதுகுக்குப் பின்னால் எங்கள் அம்மா நடிகை, "உங்கப்பா போய்ச் சேந்துட்டாரு, இனி எனக்கு யாரு இருக்கா" என்று அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்க்க இரண்டு வரிசையில் ஒருத்தரும் இல்லை. எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள்.

"அந்த போட்டோல கீறது எங்க ஊட்டுக்காரரு, மேடம்."

"எப்போ தவறினாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"தவறல. காணோம். ஆறு வருசம் ஆச்சு."

ரோலிங் மில்லில் வேலை பார்த்தவராம். ஒருநாள் முதல் ஷிப்டுக்கு என்று கிளம்பியவர் மில்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள், ஆந்திரா வரைக்கும் போய்த் தேடினாள். மாமியார் வீட்டில் காரியம் செய்து முடித்துவிடலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவள் விடவில்லை. "பாடிய பாக்காத நான் எதுக்கு பூவ எடுக்கணும்?" என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "எங்க காலனிலேர்ந்து பன்னண்டு பேர் உள்ள கீறாங்க. மாலைய பாத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எங்க மாமியார் ஊட்டுக்கு சேதி போய்டும். சினிமாக்காரங்களுக்கே தெரிஞ்சிகீது, உனக்குத்தான் தெரில்லன்னு சொல்வாங்க."

நான் வாழ்நாளில் முதல்முறையாக உயிரோடு இருக்கக்கூடிய ஒருவருக்கு, அவரைக் கேட்காமல், மாலை போட்டிருக்கிறேன். முகத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறோம், வேறு ஆளைப் போட்டுவிடுகிறோம் என்று படபடவென்று சொன்னேன்.

"ஐயோ, வேணாம் மேடம். மூஞ்சி இருக்கட்டும். ஊரு ஊரா ஓடும்ல? எவனாச்சும் பாத்துட்டு இந்தாளு எங்க தெருவுல கீறான்னு சொல்வான். மாலைய மட்டும் எடுத்துடுங்க. மாலை இருந்தா செத்தவன்னு நெனைச்சிக்கினு எவனும் சொல்ல மாட்டான்." அப்புறம் கேட்டாள்: "எங்க ஊட்ல கல்யாண போட்டோ ஒண்ணுதான் கீது. இவ்ளோ பெருசு உங்களுக்கு எப்டி கெடச்சுது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் திருவள்ளூருக்குப் போனேன். அந்த ஸ்டூடியோ இப்போது செல்போன் கவர் விற்கிற கடையாகிவிட்டது. முதலாளி அதே ஆள்தான். என் போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இவரா? மறக்க முடியுமா மேடம். இவரு சின்ன போட்டோ எதுவும் எடுத்துக்கினு வரல. அவரேதான் வந்தாரு, ஆடி மொத வெள்ளிக்கு முந்தின நாளு. பெரிய சைஸு போடணும், பின்னால நீலம் இருக்கட்டும்னாரு. சிரிங்கன்னேன். வேணாம், சிரிக்காத மாதிரியே எடுங்கன்னாரு. நான் வெளாட்டுக்கு, உசுரோட கீறவங்க இந்த சைஸு போட மாட்டாங்கன்னு சொன்னேன். தெரியும்னாரு. எப்ப வந்து வாங்கிக்குவீங்கன்னு கேட்டதுக்கு, நான் வர மாட்டேன், ஊட்லேர்ந்து வந்து வாங்கிக்குவாங்கன்னாரு."

கடைக்குள் வெயில் நன்றாக அடித்தது. எதிரே டீக்கடையில் பாட்டு ஓடியது. எனக்கு மட்டும் அந்த ஷெட்டுக்குள் நிற்பது போல இருந்தது. கும்மிடிப்பூண்டியில் இல்லாத போட்டோ கடையா? இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் வந்து, தெரிந்தவர் யாரும் இல்லாத கடையில் உட்கார்ந்து, தன்னுடைய சுவர்ப் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஐந்தாறு வருஷம் அது அவள் வருவாள் என்று கடையில் காத்திருந்தது. அவளுக்கு முன்னால் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

சென்ட்ரலுக்குத் திரும்பும் மின்சார ரயிலில் இருக்கும்போது அவள் போன் செய்தாள். "இன்னா மேடம், கேட்டீங்களா?"

"கடைக்காரரு ஞாபகம் இல்லன்னு சொல்றாரும்மா. ஏதோ சின்ன போட்டோ கெடந்துதாம். நாங்கதான் பெருசு பண்ணோம்."

"பரவால்ல மேடம். மாலைய எடுத்துடுவீங்கல்ல?"

இரக்கத்தால் சொன்ன பொய் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் முகத்தை நேரில் பார்க்க வேண்டியிருக்கும். சினிமாவில் அழுகிற முகங்களைக் கணக்கில்லாமல் பார்த்த எனக்கு அதற்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

ஆபீசில் சண்டை போட்டேன். முகத்தை மாற்றினால் போதும், மாலையை எடுத்தால் கதையே கெடும் என்றார்கள். மாலையைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஹால் வருகிற எல்லா ஷாட்டிலும் உட்கார்ந்து மாலையை அழித்தார்கள், படத்துக்கு வைத்த பொட்டை அழித்தார்கள், அம்மாவின் வெறும் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். "அப்பா இருந்திருந்தா" என்று வந்த இடங்களில் "அப்பா இங்க இருந்திருந்தா" என்று மறுபடி டப்பிங் பேசினோம். அம்மாவின் "போய்ச் சேந்துட்டாரு" காட்சியைத் தூக்கிவிட்டோம். வேறு எதையும் தொடவில்லை.

அதே தியேட்டரில் மறுபடி காலைக் காட்சி வைத்தோம். ஜனங்கள் புதிது, அவள் மட்டும் பழைய நான்காவது வரிசையில். நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு முகங்கள் ஒழுங்காகப் போகவில்லை. நடிகர்கள் சாப்பிடுகிற காட்சியில், சிரிக்க வேண்டிய இடத்தில், முந்நூறு பேரும் நடிகர்களை விட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்தார்கள். வழக்கமான மூலை இல்லை. எதிர்ப்பக்கம். எனக்குப் புரியவில்லை. அடுத்த ஹால் காட்சியிலும் அப்படியே. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

அவர்கள் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ஒரு மனிதர், மாலை இல்லாமல், உயிரோடு. வீட்டில் அவர் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் வருவார் அல்லவா? பெண்ணுக்கு நிச்சயம் நடக்கிறது, ஜனங்கள் பார்க்கிறார்கள் கதவை. அண்ணன் தம்பி சட்டையைப் பிடிக்கிறார்கள், பார்க்கிறார்கள் கதவை. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தவிர ஒன்றும் இல்லை என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும், காற்றில் அந்தக் கதவு லேசாக ஆடிய ஒரு ஷாட்டில் நானே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஜனங்கள் உடனே எழுந்திருக்கவில்லை.

வெளியே ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாரும் வாசலயே பாத்துக்கினு இருந்தாங்க, கவனிச்சீங்களா மேடம்? எங்க ஊட்ல நானும் எம்பொண்ணும் ஆறு வருசமா அப்டித்தான் சோறு துன்றோம். இனிமே ஊரே எங்களோட உக்காந்து பாக்கும்ல?"

அதைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. படம் ஓடுகிற ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு காட்சியிலும், இவளை அந்த வாசலில் நான் உட்காரவைக்கப் போகிறேன். கடைக்காரர் சொன்னது அத்தனையும் சொல்லிவிட்டேன். அவரே வந்தது, சைஸ், நீலம், சிரிக்காமல் எடுக்கச் சொன்னது, வீட்டிலிருந்து வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றது, எல்லாம். பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்று வந்தது.

"எந்த மாசம்னு கடைக்காரரு சொன்னாரா?"

"ஆடி மாசமாம். மொத வெள்ளிக்கு முந்தின நாள்னு சொன்னாரு."

தலையாட்டினாள். "மாலைய திரும்ப போட்ருங்க மேடம்," என்றாள்.

"அவசரப்படாதம்மா. போட்டோ எடுத்துக்கினாருன்னா இன்னாத்த கண்டோம்? எங்கயாச்சும் இருப்பாரு. தேடலாம், நானும் கூட வரேன்." என்னை அறியாமல் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"இல்லக்கா." முதல்முறையாக அவள் என்னை அப்படிக் கூப்பிட்டாள். "அன்னிக்குத்தான் கம்பெனி கார்டுக்கு போட்டோ எடுக்கணும்னாரு. அந்த சட்டைய நாந்தான் இஸ்திரி போட்டு குடுத்தேன். காலரு சரியா நிக்கலன்னு ரெண்டாவது தபா போடச் சொன்னாரு. போட்டேன்."